அரைச் சுத்து

— இந்த அட்டையைப் பாருங்கக்கா. காருக்கு அடியில விரிச்சுட்டு இன்ஜினை அஞ்சே நிமிஷம் ஓட விட்டேன், அதுக்குள்ள இத்தனை சொட்டு. சிவப்பா இருக்கில்ல? இது இன்ஜின் ஆயில் இல்ல, கியர் ஆயில். அது ரேடியேட்டருக்குப் போயி, சூடு ஆறி, திரும்பி கியர்பாக்ஸுக்கு வரணும். போற வழியில ரப்பர் பைப்புல ஒழுகுது. கால் மணி நேர வேலை. பாத்துக்கலாம்.

— தம்பி, அட்டையை அப்புறம் பாக்கலாம். அவரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நான் சொல்ல வந்ததைச் சொல்லிடுறேன், கேட்டுக்கோங்க. இந்த வண்டி இனிமே ஓடக்கூடாது.

— என்னக்கா சொல்றீங்க? சரி பண்ணத்தானே நேத்து வீட்டுக்கு வரச் சொன்னீங்க? ரெண்டு லிட்டர் ஆயிலை ஊத்தி நான்தானே ஓட்டிட்டு வந்தேன்?

— வரச் சொன்னது அவரு. நான் இன்னிக்குக் கூட வந்தது உங்ககிட்ட இதைச் சொல்ல. கியர்பாக்ஸ் போச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. நான் சொன்னா, வண்டியைப் பத்தி உனக்கென்னடி தெரியும்னு வாயை அடைச்சிடுவாரு.

— அக்கா, இந்த ஷெட்டைத் திறந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. இல்லாத பழுதை இருக்குன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அதுவும் டிரைவர் அண்ணன்கிட்டயா? ஆம்புலன்ஸ் ஓட்டின மனுஷன். தெருமுனையில வர்ற வண்டிச் சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்றவரு. அவருகிட்ட என் பருப்பு வேகுமா?

— அவரேதான் தம்பி. மூணு மாசத்துக்கு முன்னாடி மார்க்கெட் வாசல்ல என்னை இறக்கி விட்டாரு. வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு வர்றேன்னு போனாரு. காய்கறிப் பையோட மூணு மணி நேரம் நின்னேன். நடந்தே வீட்டுக்குப் போயிப் பாத்தா, சேர்ல சாஞ்சுக்கிட்டு பேப்பர் படிக்கிறாரு. எங்கடி போயிட்ட இவ்வளவு நேரம், பசிக்குதுன்னு என்னையே கேக்குறாரு.

— சிரிக்கக் கூடாதுதான். மறந்திருப்பாருக்கா. எனக்குக்கூட அடிக்கடி இப்படி ஆகும்.

— நானும் சிரிச்சவதான். அதுக்கு அடுத்த வாரம் சிக்னல்ல பச்சை விழுந்தும் நகரல. பின்னாடி ஒரே ஹாரன். போங்கன்னேன். எங்க போகணும்னு கேட்டாரு. விளையாடுறாராக்கும்னு திரும்பி முகத்தைப் பாத்தேன். திருவிழாக் கூட்டத்துல கையை விட்ட குழந்தை முகம் தம்பி அது. முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த முகத்தை நான் பாத்ததே இல்ல.

— டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

— என் முழங்காலுக்குன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பேச்சோட பேச்சா அவரை நாலு கேள்வி கேட்டாரு. அப்புறம் அவரை மருந்து வாங்க அனுப்பிட்டு எங்கிட்ட சொன்னாரு. ஆரம்பம்தாம்மா, ஆனா இது திரும்பிப் போற வியாதி இல்ல, முதல்ல வண்டி ஓட்டுறதை நிறுத்துங்கன்னாரு. இவருக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. ரோஷக்காரர். தெரிஞ்சா அன்னிக்கே பாதி செத்துடுவாரு.

— சாவியை ஒளிச்சு வெச்சிடலாமேக்கா?

— வெச்சேன். வீட்டையே தலைகீழா கவுத்துத் தேடினாரு. கடைசியில, வர வர எதை எங்க வெச்சேன்னே தெரியலடின்னு தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. ஒளிச்சவ நானு, பழி அவரு மேல. மனசு கேக்கல, எடுத்துக் கொடுத்துட்டேன். எங்க தெருவுல பிள்ளைங்க நாள் முழுக்க ரோட்டுலதான் விளையாடுதுங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எத்தனை உசுரைக் கொண்டு போயி சேர்த்த கை அது. கடைசியில ஒரு பிள்ளை மேல ஏத்தின கைன்னா பேரு வாங்கணும்?

— சரிக்கா. கண்ணைத் துடைங்க. சொல்லிடுறேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். தப்பா நினைக்கக் கூடாது.

— கேளுங்க.

— பைப்பைப் பிடிச்சிருக்கிற இந்தக் கிளாம்பை ரெண்டு மாசத்துல மூணு தடவை இறுக்கியாச்சு. கடைசித் தடவை பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசே போட்டேன். இன்னிக்கு அதுவும் லூஸா இருக்கு. தானா லூஸ் ஆகாதுக்கா. ஸ்க்ரூ தலையில புதுக் கீறல் தெரியுது பாருங்க. யாரோ திருப்பியிருக்காங்க. ஆயில் இறங்கிட்டா இந்த ஆட்டோமேட்டிக் வண்டி ஒரு அடி நகராது. அது தெரிஞ்ச ஆளு. நீங்கதானேக்கா?

— நானா? எனக்கு வண்டியோட முன் மூடியைத் திறக்கவே தெரியாது தம்பி.

— இல்லன்னா விடுங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆனா இனிமே யாரும் அதைத் தொடக் கூடாது. ஆயில் குறைஞ்சா சூடு ஏறும், கொதிக்கிற ஆயில் சைலன்சர் மேல விழுந்தா தீப்பிடிச்சிடும். விளையாட்டு இல்ல.

— என் தலை மேல சத்தியமா நான் தொடல. அதோ, வர்றாரு. தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— என்ன, மெக்கானிக்கும் வீட்டம்மாவும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? டீயா அது, பாகு. விஷயம் என்னன்னா, அந்தக் கடைக்காரனுக்கு சக்கரை வியாதி, அவன் ஆசையை நம்ம கிளாஸ்ல தீத்துக்கிறான். சரி, வண்டி என்ன சொல்லுது?

— வாங்கண்ணே. உக்காருங்க.

— உக்கார வெச்சு சொல்ற மாதிரி சேதியா? எத்தனை பேரை இப்படி உக்கார வெச்சிருக்காங்க, பாத்திருக்கேன். நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு.

— கியர்பாக்ஸ் போச்சுண்ணே. சூடு ஏறி ஏறி உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சிருச்சு.

— பிளேட்டு தேஞ்சா ஆயில் கருத்துப் போயி கருகல் வாடை அடிக்கணுமே. அட்டையில சொட்டினது செக்கச்செவேல்னு இருக்கு?

— அது வந்து... நேத்து நான் ஊத்தினதுண்ணே. அதான் புதுசா தெரியுது.

— ரேடியேட்டருக்கு முன்னாடி தனியா ஒரு சின்ன கூலர் வெச்சா சூடு அடங்கும்னு நீதானே அன்னிக்குச் சொன்னே? வெச்சுப் பாப்போமா?

— இப்ப வெச்சுப் பிரயோஜனம் இல்லண்ணே. காலம் கடந்துடுச்சு.

— வேற கியர்பாக்ஸ்?

— இந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்காதுண்ணே.

— ஏங்க, அந்தத் தம்பியைப் போட்டு ஏன் குடையுறீங்க? இருபத்திரண்டு வருஷம் உழைச்ச வண்டி. விடுங்களேன். நாம வாடகை வண்டியில போயிக்கலாம்.

— உனக்காகத்தான்டி இந்த ஆட்டோமேட்டிக்கையே தேடி வாங்கினேன். கிளட்ச் இல்ல, நீயும் ஓட்டலாம்னு. முதல் நாளே மதில் சுவத்துல முட்டி நிறுத்திட்டு, இறங்கி நடந்து போனவதானே நீ.

— இப்ப எதுக்கு அந்தக் கதை?

— சும்மாதான். சரி, வண்டி டாக்டரே சொன்ன பிறகு பேச்சு ஏது? நீ வாசல்ல நின்னு ஒரு வாடகை வண்டியைப் பிடி. டிக்கியில இருக்கிற சாமானை எடுத்துக்கிட்டு நான் வர்றேன்.

— சீக்கிரம் வாங்க. தம்பி, பாத்துக்கோங்க.

— போயிட்டாளா?

— போயிட்டாங்கண்ணே.

— உனக்குப் பொய் சொல்லவே வரலப்பா. காது ரெண்டும் சிவந்து போச்சு.

— மன்னிச்சிடுங்கண்ணே. அக்கா அழுதாங்க, அதனாலதான்...

— எதுக்கு மன்னிப்பு? நான் உங்கிட்ட கேக்கணும்னு நினைச்ச பொய்யும் இதேதான். அவ முந்திக்கிட்டா. விஷயம் என்னன்னா, அந்தக் கிளாம்பைத் திருப்பினது நான்தான்.

— நீங்களா?

— நாலு தடவையும். அரைச் சுத்து, அதுக்கு மேல ஒரு நூல் கிடையாது. மேல போனா பைப்பு பிடுங்கிக்கும், தீப்பிடிக்கும், எனக்குத் தெரியாதா? காலையில அவ குளிக்கிற நேரமா பாத்து, அடியில ஒரு பழைய தட்டை வெச்சு, நின்ன இடத்துலயே ஓட விடுவேன். ஆயில் இறங்கினதும் கியரைப் போட்டாலும் நகராது. இன்னிக்கு வண்டி மக்கர் பண்ணுதுடின்னு சொல்லிட்டு பேப்பரை எடுத்துக்குவேன்.

— இனிமே ஓட்டலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதே அண்ணே?

— ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். முழங்கால் பாக்குற டாக்டர் எங்கிட்ட இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்குறாரு, நூறுல ஏழைக் கழி, அதுல இன்னொரு ஏழைக் கழிங்குறாரு. வலி இவ முழங்கால்ல, கணக்கு எனக்கு. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வாசல்லயே கிடந்தவன்பா நான்.

— உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அக்கா கொஞ்சமாவது தைரியமா இருக்காங்க.

— அதேதான். அந்த ஒரு ஆறுதல்லதான் அவளுக்குச் சோறு இறங்குது. அதையும் நான் பிடுங்கிக்கவா? இந்தச் சீட்டைப் பாரு, என் சட்டைப்பையில எப்பவும் இருக்கும்.

— 'கிளாம்ப். அரைச் சுத்து.' இவ்வளவுதானா?

— அவ கண்ணுல பட்டாலும் புரியக் கூடாதுன்னு ஏன்னு எழுதல. ஒரு நாள் காலையில எடுத்துப் படிக்கிறேன், எதுக்குன்னு எனக்கே ஞாபகம் வரல. ஆனா கையெழுத்து என்னோடது. நம்மாளு காரணம் இல்லாம எழுத மாட்டான்னு போயித் திருப்பிட்டு வந்தேன். என்னப்பா, சிரிப்பேன்னு பாத்தா அழறே?

— முடியலண்ணே.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்கிட்ட சொல்றேன். வீட்டுப் படியில நின்னுக்கிட்டு, இது நம்ம வீடுதானான்னு அரை நிமிஷம் யோசிச்சேன் பாரு, அந்த அரை நிமிஷம் எதிரிக்குக்கூட வரக் கூடாது. சரி விடு. அந்தச் சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே. சத்தம் போடுவேன், கெட்ட வார்த்தையில திட்டுவேன். மனசுல வெச்சுக்காதே.

— பாத்துக்கலாம்ணே. நான் பாத்துக்குறேன்.

— வண்டியை நீயே வெச்சுக்கோ. உடைச்சு வித்துக்கோ. அவ அங்க நிக்கிறா பாரு, வெயில்ல, பையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு. கல்யாணம் ஆன புதுசுல நான் டூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும் இப்படித்தான் வாசல்ல நிப்பா. எத்தனை மணி ஆனாலும் நிப்பா. உள்ள போயி உக்காருடின்னா கேக்க மாட்டா.

— வாங்கண்ணே, அவங்களை ஏன் நிக்க வெக்கணும். டிக்கியில என்னவோ எடுக்கணும்னீங்களே, நான் எடுத்துத் தரவா?

— டிக்கியிலயா?

— சாமான் இருக்குன்னீங்களே.

— ம்.

— இதுல ஒரு குடையும் போர்வையும்தான் இருக்கு. வேற எதுவும் இல்லியே. அண்ணே? என்னண்ணே அங்கயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

— பாவம், யாரோ ஒரு அம்மா ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறாங்க தம்பி. சாவியைக் கொடு, நம்ம வண்டியிலயே கொண்டு போயி வீட்டுல விட்டுட்டு வந்துடுறேன்.