இருநூற்றுத் தொண்ணூற்றுக்குப் பிறகு

நாத்தனார்: ...அதனால நான் உட்கார வரலை அண்ணி. நின்னுக்கிட்டே கேட்டுட்டுப் போயிடறேன்.

அண்ணி: நின்னா கால்தான் வலிக்கும். அந்த நாற்காலியை இழுத்துப் போடு. கதவைச் சாத்து முதல்ல. லாரி இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் ஓடலை.

நாத்தனார்: எங்களுக்கு அந்த இரைச்சலைக் கிட்ட இருந்து கேட்டே மூணு வாரமாச்சு.

அண்ணி: பத்தொன்பது நாள். எண்ணி வச்சிருக்கேன்.

நாத்தனார்: எண்ணத் தெரியுது, சேதி அனுப்பத் தெரியலை. மூட்டை தூக்கற நூத்தி நாற்பது பேர் அண்ணி. போன்ல வேலைச் சேதி வந்தாத்தான் காவலாளி கிடங்குக்குள்ளேயே விடறான். போனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு. எங்க அண்ணனுக்கு மட்டும் மூணு மணி ஆனா டிங்குனு வருது.

அண்ணி: உங்க அண்ணன் டோக்கன் நாற்பத்தொண்ணு. உன்னுது முந்நூத்தி எண்பத்தெட்டு.

நாத்தனார்: அதைத்தான் ஊரே பேசுது. புருஷனுக்கு மூட்டை உண்டு, புருஷனோட தங்கச்சிக்குக் கிடையாது.

அண்ணி: அவருக்கு மூட்டை வாங்கிக் குடுத்து எனக்கு என்ன சுகம்? சாயங்காலம் அந்த முதுகுக்குத் தைலம் தேய்க்கறது நான்.

நாத்தனார்: சிரிக்க வைக்காதீங்க. கோபமா வந்திருக்கேன்.

அண்ணி: கோபமாவே இரு. ஆனா இந்தப் பக்கம் வந்து இந்தத் தாளைப் பாரு. நேத்து கடைசியா சேதி போன டோக்கன் எது?

நாத்தனார்: இருநூத்தித் தொண்ணூத்திரெண்டு.

அண்ணி: முந்தாநாள்?

நாத்தனார்: இருநூத்தி எண்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு... என்ன இது?

அண்ணி: ஆளைப் பார்த்து வெட்டறவன் ஒரே இடத்துல வெட்டுவான். இந்தக் கம்ப்யூட்டர் தினம் ஒரு இடத்துல வெட்டுது. நேத்து கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ‘அனுப்பு’ன்னு அழுத்தினதுல இருந்து சரியா முப்பது விநாடி. அதோட நின்னுடுது.

நாத்தனார்: யார் நிறுத்தறாங்க?

அண்ணி: யாரும் இல்லை. சேதி அனுப்பற இந்த நிரல் பி.எச்.பி.ன்னு ஒரு கணினி மொழியில எழுதினது. வலைப்பக்கமாத் திறந்து ஓட்டினா முப்பது விநாடிக்கு மேல விடாது, கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். முன்னாடி இருபது விநாடியில நானூத்தி முப்பது பேருக்கும் போய்ச் சேர்ந்துடும். மூணு வாரம் முன்னாடி சேதி அனுப்பற கம்பெனியை மாத்தினாங்க. புது கம்பெனி ஆமை.

நாத்தனார்: அப்போ பின்னாடி நிக்கறவங்க தலையில மண்ணு.

அண்ணி: ஆமா.

நாத்தனார்: நின்னு போச்சுன்னு அது உங்களுக்குச் சொல்லாதா?

அண்ணி: நாலு வருஷமா கடைசியில ‘முடிந்தது’ன்னு ஒரு வரி வரும். இந்த மூணு வாரமா அது வரலை. திரை வெள்ளையா நிக்குது. அதைத்தான் நான் முடிஞ்சு போச்சுன்னு எடுத்துக்கிட்டேன்.

நாத்தனார்: வெள்ளையா நின்னா முடிஞ்சு போச்சா?

அண்ணி: கேட்டா, நாலு வருஷமா உட்கார்ந்து இதுகூடத் தெரியலையான்னு மேனேஜர் மூஞ்சியில அடிச்ச மாதிரி கேப்பாரு. வாயை மூடிக்கிட்டேன். தப்பு என்னுது. திட்டணும்னா இப்பவே திட்டிடு, அப்புறம் நேரமில்லை.

நாத்தனார்: திட்டறதை வீட்டுல வச்சுக்கறேன். அங்கதான் சுருதி சேரும். இப்ப வழி என்ன?

அண்ணி: இந்தக் கறுப்பு ஜன்னல். பக்கமாத் திறக்காம, இங்கேயே கட்டளை எழுதி அதே நிரலை நேராக் கூப்பிடணும். இங்க ஓட்டினா முப்பது விநாடிக் கணக்கே கிடையாது. முடியற வரைக்கும் ஓடும்.

நாத்தனார்: இதை யார் சொன்னா உங்களுக்கு?

அண்ணி: அதுவேதான். பி.எச்.பி.ன்னு எழுதி, பக்கத்துல ஒரு கோடு, ஒரு ‘ஹெச்’. என்னென்ன தெரியும்னு அதுவே பட்டியல் போட்டுச்சு. உங்க அண்ணன்கிட்ட நாலு தரம் கேட்டாலும் இவ்வளவு பதில் வராது.

நாத்தனார்: எங்க அண்ணனை இழுக்காதீங்க. சீக்கிரம்... மணி ரெண்டே கால். மூணுக்குள்ள சேதி வரலைன்னா எங்க ஆளுங்க வாசலை மறிச்சு உட்காரப் போறாங்க. ஒரு லாரி வெளியே போகாது.

அண்ணி: தெரியும். எழுதறேன் பாரு... ம்.

நாத்தனார்: என்ன ம்?

அண்ணி: அப்படி ஒரு கட்டளையே தெரியாதுங்குது. நேத்து தெரிஞ்சுதே... ஓ, இது வேற இடத்துல நின்னுக்கிட்டு இருக்கு. இரு, பி.எச்.பி. எந்த ஃபோல்டர்ல இருக்கோ அந்த வழியை முழுசா எழுதிடறேன். ம், இப்ப வாயைத் திறந்துடுச்சு.

நாத்தனார்: ஓட்டிட்டீங்களா?

அண்ணி: ஓட்டுவேனா? போன சேதியைத் திருப்பி வாங்க முடியாது. முதல்ல ஒரு கோடு, ஒரு சின்ன ‘எல்’. இப்படிப் போட்டா ஓடாது. எழுத்துப் பிழை இருக்கான்னு படிச்சு மட்டும் பார்க்கும்.

நாத்தனார்: நாலு வருஷமா ஓடினதுல என்ன பிழை?

அண்ணி: காலையில நான் ரெண்டு வரி மாத்தியிருக்கேன். வலைப்பக்கத்துல தேதி போட ஒரு கட்டம் உண்டு. இங்க கட்டம் எங்க இருக்கு? அதனால கட்டளைக்குப் பின்னாடியே தேதி, எந்த டோக்கன்ல இருந்து, எந்த டோக்கன் வரைக்கும்... மூணையும் வரிசையா எழுதினா எடுத்துக்கற மாதிரி பண்ணியிருக்கேன்.

நாத்தனார்: நீங்களேவா?

அண்ணி: இல்லை, உங்க அண்ணன். கேள்வியைப் பாரு. ஆங்... பிழை இல்லைன்னுடுச்சு. உன் போனை எடுத்து வை. முந்நூத்தி எண்பத்தெட்டுல இருந்து முந்நூத்தி எண்பத்தெட்டு வரைக்கும்.

நாத்தனார்: எனக்கு மட்டுமா?

அண்ணி: தப்பானா நீ ஒருத்தி திட்டுவே. பழகினது. அழுத்திட்டேன், வந்துச்சா?

நாத்தனார்: இரு... இருங்க அண்ணி. வந்துடுச்சு. ‘ஏழாம் மேடை, காலை ஆறு மணி.’ அண்ணி, வந்துடுச்சு. பத்தொன்பது நாள் கழிச்சு இந்தச் சத்தம்... என்ன அழகா இருக்கு.

அண்ணி: கண்ணைத் துடைச்சுக்கிட்டு முழுசாப் படி.

நாத்தனார்: யாரு அழறா? ‘ஏழாம் மேடை, காலை ஆறு மணி, தேதி...’ தேதி இன்னிக்குப் போட்டிருக்கு.

அண்ணி: என்னது?

நாத்தனார்: நாளைக்குத்தானே வரணும்? இது இன்னிக்குத் தேதி. இந்தச் சேதியைக் காட்டினா நாளைக்குக் காவலாளி என்னை அப்படியே திருப்பி அனுப்புவான்.

அண்ணி: அட... கட்டத்துல அது தானா நாளைத் தேதி போட்டுக்கும். இங்க நான்தான் போடணும். நானூத்தி முப்பது பேருக்கும் போயிருந்தா?

நாத்தனார்: எல்லாரும் வாசல்ல ஒத்துமையா நின்னிருப்போம். முதல் தடவையா.

அண்ணி: நல்ல வேளை நீ வந்தே. திருத்திட்டேன். நாளைத் தேதி. ஒண்ணுல இருந்து நானூத்தி முப்பது வரைக்கும். நீ ஒரு தரம் வாசிச்சுச் சொல்லு.

நாத்தனார்: தேதி சரி. ஒண்ணு. நானூத்தி முப்பது. சரி. அழுத்துங்க.

அண்ணி: அழுத்தியாச்சு.

நாத்தனார்: எவ்வளவு வேகமா ஓடுது... நாற்பத்தொண்ணு. அண்ணனுக்குப் போயிடுச்சு.

அண்ணி: அவருக்கு எதுவும் தவறாது. நூத்தி அறுபது... இருநூறு.

நாத்தனார்: இருநூத்தி எழுபது.

அண்ணி: எண்பத்தெட்டு. தொண்ணூறு. இங்கதான் விழும்.

நாத்தனார்: தொண்ணூத்திரெண்டு.

அண்ணி: தொண்ணூத்திநாலு.

நாத்தனார்: தொண்ணூத்தாறு. முந்நூறு. அண்ணி, முந்நூறு தாண்டிடுச்சு.

அண்ணி: பேசாதே. ஓடட்டும்.

நாத்தனார்: கேக்குதா? வாசல்ல ஒரே டிங்கு டிங்குனு... கத்தறாங்க பாருங்க. அது நம்ம சின்னக்கா குரல். அவ டோக்கன் முந்நூத்திப் பன்னெண்டு.

அண்ணி: நானூத்தி இருபது... முப்பது. பார்த்தியா, கடைசி வரி.

நாத்தனார்: ‘முடிந்தது.’

அண்ணி: ஐம்பத்தொரு விநாடி. மூணு வாரம் உங்களை வெயில்ல நிறுத்தினது வெறும் இருபத்தொரு விநாடி.

நாத்தனார்: அண்ணி... ஒண்ணு சொல்லணும். நான் கேள்வி கேக்க மட்டும் வரலை. உங்க மூஞ்சியை ஒரு தரம் பார்த்துட்டுப் போகணும்னு வந்தேன். உங்களை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கோம். நூத்தி நாற்பது கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுது.

அண்ணி: ம்.

நாத்தனார்: பயப்படாதீங்க. மூணு மணிக்குத்தான் மேனேஜர்கிட்ட குடுக்கறதாப் பேச்சு. எங்க மேஸ்திரி பையிலதான் இருக்கு. இப்பவே போய் வாங்கி, எல்லார் முன்னாடியும் நானே கிழிச்சுப் போடறேன். என் பேச்சைத் தட்ட மாட்டார்.

அண்ணி: அவர் பத்து மணிக்கே குடுத்துட்டாருடி. பன்னெண்டோட என் வேலை போச்சு. மூணு மணிக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்து அந்தப் பழைய பக்கத்தைத்தான் திறந்து அழுத்தப் போறா, அவளுக்கும் அது வெள்ளையாத்தான் நிக்கும். அவ வர்றதுக்குள்ள உங்க எல்லாருக்கும் சேதி அனுப்பிடணும்னுதான் சாப்பிடக்கூடப் போகாம உட்கார்ந்திருந்தேன். நகரு, அந்தப் பேனாவை எடு. இந்தக் கட்டளையை அவ கண்ணுல படற மாதிரி எழுதி ஒட்டிட்டுத்தான் நான் எந்திரிப்பேன்.