கொக்குப் பார்க்கப் போகிறவள்

பங்குனிக் காலை. எண்ணூர் கழிமுகத்தைக் கடக்கும் தோணியில் எனக்கு முன்னால் இரண்டு மீன்காரப் பெண்கள், காலிக் கூடைகளோடு.

“கொக்கு பாக்கத்தான் போறேன் அண்ணி. அதுக்கு இன்னா இப்போ?” என்றாள் இளையவள்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“கொக்கு எறங்குற எடத்துலதான மீனு கீது? தெனம் விடியல்ல ஓடையோரம் போயி நின்னு பாத்துட்டு, உன் புருசனுக்கு மட்டும் எடத்த சொல்றியாம். உங்கண்ணன் வல காலியா வருது. குப்பமே பேசிக்கினு கீது. சாயங்காலம் பஞ்சாயத்துல கேக்கப் போறாங்க.”

“கேக்கட்டும். நாடே சொதந்திரம் வாங்கிட்சு, கொக்கு பாக்க நான் பஞ்சாயத்துல உத்தரவு வாங்கணுமா? கூட்டமா எழும்பி வெயில்ல திரும்பறப்போ அம்மாம் அழகா கீது. அதான் போறேன். நடுவுல நின்னே சொல்வேன்.”

“யாருடி நம்புவா?”

“நம்பாதவங்க நாளைக்கி என்கூட வரட்டும். நீயும் வா. ஆனா ஒருத்தரும் வல எடுத்தாரக் கூடாது.”

தோணி கரை தட்டியது. அண்ணி காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள்:

“கூடையாவது எடுத்தாரலாமா?”

“அதுவும் கூடாது.”