மருதமுனையால ஊடு பாக்க வாறாங்க

ஹப்ஸா: போதும், இறங்குங்க எண்டு சொல்றன். ஆக்கள் வாற நேரத்துல பொண்ணுட வாப்பா ஏணியில தொங்கிக்கிட்டு நிண்டா என்ன நினைப்பாங்க?

மஜீட்: பொண்ணுட வாப்பா வேலைகாரன் எண்டு நினைப்பாங்க. இந்த மூலைக்கு மட்டும் இன்னும் ஒரு கை. மகள், பஸ்னா... அந்த வாளிய நீட்டு.

பஸ்னா: வாப்பா, சுண்ணாம்புக்குள்ள நீலம் கூடிட்டு. சுவர் பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இரிக்கி.

மஜீட்: காயட்டும் புள்ள. காஞ்சா வெள்ளையாகும். ஈரத்துல பாத்து முடிவு சொல்லப்படாது.

ஹப்ஸா: வாறவங்க ஈரத்துலதானே பாக்கப் போறாங்க!

மஜீட்: அதுக்குத்தான் முன்பக்கத்த முந்தநாளே அடிச்சன். இது பின்பக்கம்.

ஹப்ஸா: பின்பக்கத்த ஆரு வந்து பாக்கப் போறா?

மஜீட்: நல்லாக் கதைக்கிறாய். மாப்பிள்ளை வந்து குடியிரிக்கப் போற ஊடு இது. சுத்திப் பாக்காமப் போவாங்களா? உன்னப் பாக்க வந்த அண்டைக்கு எங்கட உம்மா என்ன செஞ்சா தெரியுமா? உன்ட முகத்த ஒருக்காத்தான் பாத்தா. கிணத்த எட்டி எட்டிப் பாத்தா. ஓட்டப் பாத்தா. கக்கூஸ் கதவத் திறந்து பூட்டிப் பாத்தா.

பஸ்னா: உம்மாவப் பத்தி ஒண்டும் சொல்லல்லியா?

மஜீட்: ஊட்டுக்கு வந்தாப் பொறகு, 'பொண்ணு எப்பிடி உம்மா?' எண்டு கேட்டன். 'தண்ணி நல்ல ருசி மகன்' எண்டா.

ஹப்ஸா: அந்தத் தண்ணியத்தானே இத்தின வருசம் குடிக்கிறீங்க? குறை சொல்லாம இறங்குங்க.

மஜீட்: ஓம் ஓம், இறங்கிட்டன். அது சரி... மாப்பிள்ளைட வாப்பாக்கு என்ன தொழில் எண்டாய்?

ஹப்ஸா: அவருக்கா...? நெசவு. மருதமுனையில வேற என்ன தொழில்?

மஜீட்: முந்தநாள் கடை எண்டாய்.

ஹப்ஸா: நெய்யிற சாரன விக்கக் கடை வேணாமா? போங்க, போய்க் குளிங்க. அந்தத் தாடியையும் கொஞ்சம் ஒதுக்கிட்டு வாங்க. தாடியெல்லாம் சுண்ணாம்பு.

மஜீட்: நான் வாறதுக்குள்ள அவங்க வந்தா நேர கிணத்தடிக்குக் கூட்டி வந்திராத. மாமனார் ஈரச் சாரனோட நிக்கிறதப் பாத்தா கலியாணம் குழம்பிரும்.

பஸ்னா: ...போயிட்டாரா உம்மா?

ஹப்ஸா: மெதுவா. கப்பிச் சத்தம் கேட்டாப் பொறகு கதை... ம், கேக்குது. தண்ணி அள்ளுறார்.

பஸ்னா: ஆக்கள் எப்ப வருவாங்க?

ஹப்ஸா: என்னையே கேக்குறாயா! ஆரும் வரமாட்டாங்க எண்டு உனக்குத் தெரியாதா?

பஸ்னா: தெரியும். அதான் கேக்குறன். வராத ஆக்களுக்குப் பலகாரமும் சுட்டு, பக்கத்தூட்டு லைலா மாமிட்ட பீங்கான் கோப்பையும் இரவல் வாங்கி வெச்சிரிக்கீங்களே.

ஹப்ஸா: நான் என்ன புள்ள செய்ய? நெல்லு ஆலையில மூட்டை தூக்க மெசின் வந்து, இவர நிப்பாட்டின நாள்ல இரிந்து... அந்தக் கட்டில்லயே சுவரப் பாத்துக்கிட்டுக் கிடந்த மனிசன். சோறு வெச்சா வெச்ச மாதிரியே இரிக்கும். ஜும்ஆவுக்கும் போகல்ல. கூரை ஒழுகிக் காலடியில சொட்டக்குள்ள, காலத்தான் மடக்கினாரே தவிர எழும்பல்ல.

பஸ்னா: அதுக்கு எனக்கொரு மாப்பிள்ளையச் செஞ்சிட்டீங்க.

ஹப்ஸா: வேற என்ன சொன்னா எழும்புவார்? ஓட்ட மாத்துங்க எண்டன். 'உன்ட உம்மா தந்த ஊடு, நீயே பாரு' எண்டு மத்தப் பக்கம் திரும்பினார். பொறகுதான், நம்மட கொமருக்கு மருதமுனையால ஊடு பாக்க வாறாங்க எண்டன். அண்டைக்கே கூரையில ஏறிட்டார்.

பஸ்னா: ஓம்... ஓடு முடிய குசினி. குசினி முடிய கிணறு. நேத்து சோறு இன்னும் போடு எண்டு கேட்டு வாங்கித் திண்டார். பாட்டும் படிச்சார் உம்மா.

ஹப்ஸா: கேட்டன். அடுப்படியில நிண்டு அழுதிட்டன்.

பஸ்னா: புகை எண்டீங்க!

ஹப்ஸா: எல்லாத்தையும் உன்னட்டச் சொல்லுவனா? லைலாவும் விசாரிச்சா, மாப்பிள்ளைட ஊடு எந்தப் பக்கம் எண்டு. அவட்ட மட்டும் உண்மையச் சொன்னன்.

பஸ்னா: என்ன சொன்னா?

ஹப்ஸா: 'அந்த மாப்பிள்ளைக்குத் தம்பி ஒருவன் இரிந்தா எனக்கும் சொல்லு. எங்கட ஊட்டுலயும் ஒராள் படுத்த படுக்கைதான்' எண்டா.

பஸ்னா: ஹா... ஹா...

ஹப்ஸா: சிரிக்காத. இண்டையோட வேலை எல்லாம் முடிஞ்சி. ஆரும் வரல்ல, வரவும் மாட்டாங்க எண்டு தெரிஞ்சா... திரும்பவும் அந்தக் கட்டில்ல விழுந்துட்டா... என்ட ரப்பே, இன்னொரு தரம் எழுப்ப என்னால ஏலா.

பஸ்னா: ஒரு கிழமை பிந்துது எண்டு சொல்லுங்க. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்.

ஹப்ஸா: அடுத்த கிழமை?

பஸ்னா: மாப்பிள்ளைட உம்மாக்குக் காய்ச்சல்.

ஹப்ஸா: இவர எழுப்பினதுக்கு அந்தக் குடும்பத்தையே படுக்கையில போடுறாய்!

பஸ்னா: அப்ப உண்மையச் சொல்லுங்க. இல்லாத ஆக்களுக்கு எத்தினை நாளைக்கு நான் சீவிச் சிங்காரிச்சிக்கிட்டு இரிக்கிற?

ஹப்ஸா: வாய மூடு... கப்பிச் சத்தம் நிண்டுட்டு.

மஜீட்: இந்தா வந்திட்டன். எப்பிடி? மாமனார் மாதிரி இரிக்கா?

பஸ்னா: மாப்பிள்ளை மாதிரி இரிக்கி வாப்பா.

மஜீட்: கேட்டியா ஹப்ஸா?

ஹப்ஸா: கேட்டன், கேட்டன். தொப்பிய நேர வைங்க.

மஜீட்: அசர் பாங்கும் சொல்லியாச்சி. ஆக்கள் வந்திட்டா எண்டு கிணத்தடியிலயே ஒளு எடுத்துத் தொழுதிட்டன். ஆரையும் காணல்லியே... ஆரு கூட்டிக்கு வாற? கலியாணம் பேசுற பக்கீர் காக்காதானே?

ஹப்ஸா: ஓ...ம். பக்கீர் காக்காதான்.

மஜீட்: அவர் காலையிலயே காரைதீவுக்குப் போனாரே.

ஹப்ஸா: அப்ப... அங்க இரிந்து நேர மருதமுனைக்குப் போய்க் கூட்டிக்கு வருவார்.

மஜீட்: காரைதீவுல இரிந்து மருதமுனைக்குப் போறதெண்டா நம்மட வாசலத் தாண்டித்தானே போகணும்? தாண்டல்லியே.

பஸ்னா: மாப்பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னமோ வாப்பா...

மஜீட்: முகத்தையும் பாக்கல்ல, அதுக்குள்ள அவனுக்குக் காய்ச்சலா?

ஹப்ஸா: இஞ்சாருங்க...

மஜீட்: சொல்லு.

ஹப்ஸா: இந்தக் கதிரையில இரிங்க... ஆரும் வரமாட்டாங்க. மருதமுனையில அப்பிடி ஒரு மாப்பிள்ளை இல்ல. பக்கீர் காக்காக்கு ஒண்டும் தெரியா. எல்லாம் நானாக் கட்டிச் சொன்ன கதை.

மஜீட்: ...

ஹப்ஸா: ஏசுங்க. ரெண்டு வார்த்தை ஏசுங்க. இப்பிடிக் கதைக்காம மட்டும் இரிக்காதீங்க.

மஜீட்: ...கொஞ்சம் சாயணும் போல இரிக்கி.

பஸ்னா: வாப்பா!

ஹப்ஸா: அல்லாவே... இதுக்குத்தானே நான் பயந்த...

மஜீட்: முந்தநாள் அடிச்ச சுவர்ல சாயணும் எண்டன் புள்ள! ஏன் ரெண்டு பேரும் மையித்து எடுக்கிற ஊட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? இந்தா, சாஞ்சிட்டன். பஸ்னா, முதுகப் பாரு. வெள்ளை ஏதும் ஒட்டியிரிக்கா?

பஸ்னா: இல்ல வாப்பா. ஒண்டும் ஒட்டல்ல.

மஜீட்: அப்ப சரி.

ஹப்ஸா: என்ன சரி? நான் பொய் சொன்ன எண்டு சொல்றன், நீங்க முதுகக் காட்டிக்கிட்டு...

மஜீட்: எனக்குத் தெரியும்.

ஹப்ஸா: என்ன தெரியும்?

மஜீட்: ஓடு மாத்தின அடுத்த நாளே தெரியும். நீ சந்தைக்குப் போயிரிந்தாய். மேல இரிந்து பாக்கக்குள்ள எனக்கே வெக்கமாப் போச்சி. குசினி கரி புடிச்சி, கிணத்துல பாசி... கொஞ்ச நாள் பிந்தி வாங்க எண்டு அவங்களட்டயே சொல்லிட்டு வருவம் எண்டு, சைக்கிள எடுத்துக்கிட்டு மருதமுனைக்குப் போனன்.

ஹப்ஸா: மருதமுனைக்கா? வாசலுக்கே வராத மனிசன்...

மஜீட்: சைக்கிள்லயும் காத்தில்ல, எனக்கும் காத்தில்ல. செக்பொயின்ட்ல ஆமிக்காரன் எங்க போறாய் எண்டு கேட்டான். மகளுக்கு மாப்பிள்ளை பாக்க எண்டன். சிரிச்சிட்டு விட்டான்.

பஸ்னா: போய்?

மஜீட்: ஒழுங்கை ஒழுங்கையா விசாரிச்சன். நம்மட சாய்ந்தமருதுல ஊடு பாக்க இரிக்கிற ஆக்கள் ஆரு எண்டு. ஆருக்கும் தெரியா. கடைசியில அப்துல் ஹமீட் எண்டு தறி வெச்சிரிக்கிற மனிசன், இரிக்கச் சொல்லித் தண்ணி தந்து கதையக் கேட்டார். கேட்டுட்டு, 'தம்பி, உன்ட பொண்டாட்டி உன்ன நல்லா எழுப்பிட்டா' எண்டு சிரிச்சார் பாரு, தறியெல்லாம் நிண்டு போச்சி.

ஹப்ஸா: ஐயோ, ஊரே சிரிச்சிட்டா!

மஜீட்: நானும்தான் சிரிச்சன்.

பஸ்னா: பொய்யெண்டு தெரிஞ்சும் ஏன் வாப்பா குசினி, கிணறு எல்லாம் செஞ்சீங்க?

மஜீட்: திரும்பி வந்து வாசல் கடப்படியில சைக்கிள நிப்பாட்டிட்டு ஊட்டப் பாத்தன். ஊடு பாக்க வந்த ஆள் பாக்குற மாதிரி. சுவரெல்லாம் உப்புப் பூத்து, கதவு ஒரு பக்கம் சரிஞ்சி... இப்பிடி ஒரு ஊட்டுல ஒரு மாப்பிள்ளையக் குடி வெப்பனா எண்டு யோசிச்சன். மாட்டன். அப்ப உங்க ரெண்டு பேரையும் மட்டும் எப்பிடி வெச்சிரிக்கன்?

ஹப்ஸா: கண்ணுல சுண்ணாம்புத் தூசு விழுந்திட்டு.

மஜீட்: அழாத புள்ள. சுரண்டச் சுரண்டச் சுவர் வெளுத்திச்சி. எனக்கும் பசிச்சிச்சி. அவ்வளவுதான்.

ஹப்ஸா: தெரிஞ்சும் ஒரு சொல் சொல்லல்லியே! ஒரு பொய்யக் காப்பாத்த நான் பட்ட பாடு...

மஜீட்: சொன்னா, வேலை செய்யக்குள்ள நீ தாற இஞ்சித் தேத்தண்ணியும் முட்டைப் பொரியலும் நிண்டு போயிருமே.

பஸ்னா: சரி வாப்பா... ஆனா ஊட்டு வேலை முடிஞ்சி போச்சி. நாளைக்கு விடிஞ்சா என்ன செய்வீங்க?

ஹப்ஸா: ஓம். அதச் சொல்லுங்க. எனக்கு அதுதான் வேணும்.

மஜீட்: அந்த அப்துல் ஹமீட்ட தறிக் கொட்டில் சுவர் சரியில்ல. சுண்ணாம்பு அடிச்சவனெல்லாம் மா பூசின மாதிரி பூசிட்டுப் போறானாம். நூல்ல உதிர்ந்து சாரன் பாழாகுதாம். 'கையில ஒட்டாம அடிப்பியா?' எண்டு கேட்டார். வந்து என்ட ஊட்டுச் சுவரத் தேச்சிப் பாத்திட்டு வேலையத் தாங்க எண்டன்.

ஹப்ஸா: ஆருட ஊடு?

மஜீட்: வாயில அப்பிடித்தான் வந்திச்சி.

பஸ்னா: உம்மா... கடப்படியில சைக்கிள் மணி கேக்குது.

ஹப்ஸா: ஆருமே வரமாட்டாங்க எண்டு இப்பதானே சொன்னன்... இது ஆரு?

மஜீட்: தேத்தண்ணிக்கு அடுப்ப மூட்டு ஹப்ஸா. இண்டைக்கு அசருக்குப் பொறகு வாங்க எண்டு நான்தான் சொல்லிட்டு வந்த. மருதமுனையால ஊடு பாக்க ஆள் வந்திட்டு.