ஒன்பதே இல்லாத கார்

...அதுலயும் பாருங்க சார், ஒரு பார்ட்லகூட ஒன்பதுங்கிற நம்பரே கிடையாது. இன்னும் கொஞ்சம் பெரிசாத் தொறங்க... ஆங், அப்படியே. ஊசி போட்டாச்சு. தாடை மரத்துப்போற வரைக்கும் சும்மாதானே இருக்கோம், கேளுங்க.

நாப்பது வருஷத்துக்கு முந்தின கார் சார். நிஜக் கார் இல்ல, பார்ட் பார்ட்டா வெட்டி ஒட்டற பிளாஸ்டிக் கார். டப்பா சீல்கூடப் பிரிக்காதது. நம்ம டிராயிங் மாஸ்டர்... ஸ்கூல்ல வரையச் சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவர்... அவர் பொத்திப் பொத்தி வெச்சிருந்தது. "எனக்குக் கை நடுங்குது டாக்டர், உங்க கை நடுங்காது, நீங்களே ஒட்டுங்க"ன்னு குடுத்தார். பெத்த பையனுக்குக்கூடக் குடுக்கல.

நானும் கேஸுக்கு நடுவுல, இதோ இதே ட்ரேல வெச்சு, ஒரு நாளைக்கு நாலு பார்ட்டா வெட்டி அரத்தால ராவினேன். ஸ்டீயரிங் தவிர எல்லாம் முடிஞ்சு, ஒட்டலாம்னு லென்ஸ் போட்டுப் பாத்தா... உள்பக்கம் பூரா கீறல். எறும்பு சைஸுல நம்பர். பானெட்ல இருபத்தாறு, சீட்ல பதினொண்ணு, நாலு சக்கரத்துலயும் முப்பத்தாறு. கம்பெனி நம்பர் இல்ல, அது தனியா அச்சுலயே இருக்கு. மண்டை காஞ்சுபோச்சு சார். நோட்டுப் போட்டு எழுதிப் பாத்தேன். ஒன்பது இல்ல, பூஜ்யம் இல்ல, எதுவும் அம்பதைத் தொடல. வீட்ல என்னடான்னா, உள்பக்கம்தானே, யாருக்குத் தெரியப்போகுதுங்கிறா. எனக்குத் தெரியுமே... துப்புங்க. துப்பிட்டுத் தொறங்க.

சரி, யாரோ விளையாடிட்டுப் போட்டதை மறுபடி சீல் ஒட்டி மாஸ்டர் என் தலையில கட்டிட்டார்னு முடிவு பண்ணிட்டேன். தனியாக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம்தான். எங்க கார் வாட்ஸாப் குரூப்புல, எழுபது பேர் பாக்க, "பழசுன்னு சொல்லியே குடுத்திருக்கலாமே மாஸ்டர்"னு போட்டேன். மனுஷன் அடுத்த நிமிஷமே குரூப்பை விட்டே போயிட்டார். நாலு மாசமாச்சு. அவருக்கு நான் மாட்ட வேண்டிய பல்லு கேப் இந்த டிராயர்ல கிடக்கு. சும்மா ஒப்புக்கு ஒண்ணை மாட்டி அனுப்பினதோட சரி, வரமாட்டேங்கிறார். அரைகுறைப் பல்லோட அப்படி என்ன ரோஷம்? தப்புப் பண்ணினதும் அவர், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறதும் அவர்.

மரத்துப்போச்சா? தலையாட்டாதீங்க, கையைத் தூக்குங்க. இருங்க, ஸ்டீயரிங்கைக் காட்டறேன். நேத்துதான் வெட்டினேன், இது ஒண்ணுலதான் கீறலே இல்ல. உங்களுக்குக் காட்டலாம்னு ட்ரேல வெச்சேனே... சிஸ்டர், எடுத்துட்டீங்களா? குடுங்க. இப்ப லென்ஸ்ல பாருங்க சார், எவ்வளவு சுத்தமா...

நாப்பத்தாறு.

காலையில இது இல்லையே. சிஸ்டர், அந்தக் கேஸ் ஷீட்டை... சாருக்கு எந்தப் பல்லு? வலது கீழ, முன்னாலேருந்து ஆறாவது... நாப்பத்தாறு. முப்பது வருஷமா இந்தப் பல்லு நம்பரோடதான் சார் குடித்தனம் பண்றேன். வாயை நாலாப் பிரிச்சு, முதல் நம்பர் எந்தப் பக்கம்னு, ரெண்டாவது எத்தனாவது பல்லுன்னு... பக்கத்துக்கு எட்டே பல்லு, ஒன்பது எங்கேருந்து வரும்?

சிஸ்டர் என்ன சொல்றாங்க பாருங்க. போன வருஷம் ரெண்டு பேர் கேப் மாறிப்போச்சுன்னு நான் கத்தினேனாம். ட்ரேல எது கிடந்தாலும் அப்போதைய பல்லு நம்பரைக் கீறிட்டுத்தான் எடுக்கணும், எதுக்குன்னு என்னைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனாம். ...சொன்னேன். ஆமா, சொன்னேன்.

அப்போ சக்கரத்துல முப்பத்தாறு... இடது கீழ... சார், அது மாஸ்டர் பல்லு. இதே சேர்ல, உங்களை மாதிரி வாயைத் தொறந்துட்டு உக்காந்திருந்தார். நான் பக்கத்துல சக்கரம் ராவிட்டிருந்தேன். அந்த வாயோடயே பாத்துச் சிரிச்சார்.

சிஸ்டர், மாஸ்டருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்... வேண்டாம், கையில குடுங்க. நீங்க வாயை மூடாதீங்க சார், ரெண்டே நிமிஷம். நமக்கென்ன, பேசவா தெரியாது... அலோ. மாஸ்டர்? நான்தான்... பல் டாக்டர்... வந்து... அந்தக் கார்ல... ஆங்... அது வந்து...

இல்ல மாஸ்டர், லைன்லதான் இருக்கேன்.