மாமனார் வண்டியில் ஓர் ஆட்டம்

எங்கள் ஷோரூம் வரவேற்பறையில் தரும் காப்பி சுமார்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஐயா. பலர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி எங்கள் சர்வீஸ் பிரிவைப் பற்றி யாரும் நொட்டை சொன்னதில்லை, என் மாமனாரைத் தவிர.

நான் அங்கே சர்வீஸ் அட்வைசர். வண்டியோடு வருகிறவர் சொல்லும் குறையைக் கேட்டு, மெக்கானிக்குக்கு விளக்கி, வேலை முடிந்ததும் சிரித்த முகத்தோடு சாவியைத் திருப்பிக் கொடுப்பது என் பொறுப்பு. சரிசெய்து அனுப்பிய வண்டி அதே குறையோடு திரும்பி வந்தால் அதை நாங்கள் 'ரிட்டர்ன்' என்போம். ரிட்டர்ன் வந்த அட்வைசரின் பெயரை மேனேஜர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார். நான் சேர்ந்த நாளிலிருந்து மாமனார் வண்டி வரும்வரை என் பெயரை அவர் வாசித்ததே இல்லை. சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மாமனார் ஊருக்கு வெளியே மேட்டில் பூச்செடி வளர்த்து விற்கிறார். விற்றார் என்று சொல்ல வேண்டும். வாய்க்கு இன்னும் பழகவில்லை. தொட்டிகளை ஏற்றி இறக்க அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. கம்பெனியே அந்த மாடலை மறந்து பல காலம் ஆகிறது. ஒரு நாள் அதை ஓட்டிக்கொண்டு நேராக என் மேஜைக்கு எதிரே வந்து நிறுத்தினார்.

"மாப்ள, ஸ்டியரிங் லேசா ஆடுது. கையில தெரியுது."

பக்கத்து மேஜை அட்வைசர் சும்மாதான் இருந்தார். அவரைக் காட்டினேன். "நம்ம மாப்பிள்ளை இருக்கும்போது நான் எதுக்கு இன்னொருத்தர்கிட்ட போகணும்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் நெட்டை மெக்கானிக் நல்ல வேலைக்காரர். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனை தேய்ந்திருந்தது. எங்கெங்கோ சொல்லிவைத்துப் புதியதை வரவழைத்து மாட்டினார். நட்டை இறுக்கி, அது கழலாமல் இருக்க ஊடே ஒரு கம்பிப் பின்னைச் செருகி, நட்டின் மீதும் அது உட்காரும் இரும்பின் மீதுமாக ஒரே மஞ்சள் கோடு போட்டார். அது எங்கள் பட்டறை வழக்கம். நட்டு அசைந்தால் கோடு விலகும். கோடு நேராக இருந்தால் அட்வைசர் சாவியைக் கொடுக்கலாம்.

மாமனார் திரும்பி வந்தார். "இன்னும் ஆடுது மாப்ள." சக்கரங்களின் நேர்கோட்டைச் சரிபார்த்து அனுப்பினோம். மறுபடியும் வந்தார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சார், பழைய வண்டின்னா இவ்வளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். இதுக்கு மேல இறுக்கினா திருப்பவே முடியாது." இதை நான் மாமனாரிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, "நீங்க பார்த்தா முடியாதது உண்டா?" என்றார்.

அடுத்த நாள் கூட்டத்தில் என் பெயரை வாசித்தார்கள். யாரோ பின்வரிசையில் 'மாமனார் ரிட்டர்ன்' என்றார், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போனால் மனைவி, "அப்பா காரணமில்லாம சொல்ல மாட்டாருங்க" என்றாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு நிதானமாக யோசித்தேன். இல்லாத ஆட்டத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. இருக்கிற ஆட்டத்தைச் சரிசெய்யலாம். அவருக்கு உண்மையான ஆட்டம் எப்படியிருக்கும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அதை நான் சரிசெய்துவிட்டால், அதோடு திருப்தியாகிவிடுவார். வாடிக்கையாளரின் திருப்திதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அடுத்த முறை வண்டி வந்தபோது, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பின்னை உருவி எடுத்துவிட்டு நட்டைத் தளர்த்தினேன். அரைகுறையாகத் திருப்பவில்லை. முழுச் சுற்றாகத் திருப்பினால் மஞ்சள் கோடு பழையபடி நேராக வந்து நின்றுவிடும். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

அவர் வளாகத்துக்குள் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தார். தளர்ந்த நட்டு உடனே காட்டிக்கொடுக்காது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் வேலையைக் காட்டும். கண்ணாடியை இறக்கி, "இப்பத்தான் மாப்ள சரியா இருக்கு!" என்றார். மெக்கானிக் ஒழுங்காகச் செய்தபோதெல்லாம் குறை சொன்னவர், இதைப் பாராட்டினார். மனித சுபாவம் எனக்கு விளங்கவே இல்லை. ஏதோ தோன்றி நான் கையைத் தூக்கினேன். விடைகொடுக்கிறேன் என்று நினைத்து அவரும் கையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். புதுப் பின் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். என் நோக்கம் இதிலிருந்தே உங்களுக்கு விளங்கும். அவர் வரவில்லை. போன் செய்திருக்கலாமே என்பீர்கள். வாடிக்கையாளர் குறை சொல்லாத வண்டியைப் பற்றி நாமாகப் பேச்செடுப்பது எங்கள் வழக்கமில்லை. கூட்டத்தில் எனக்காகக் கைதட்டினார்கள். அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன்.

அவருடைய தோட்டத்திலிருந்து இறங்கும் பாதை செங்குத்தானது, கீழே ஒரு வளைவு உண்டு என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பெண் பார்க்கப் போனதே அந்த வழியாகத்தான். ஆனால் பாதை அவருடையது, ஐயா. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? லேசான ஆட்டத்துக்கே ஓடி வந்தவர், இதற்கு ஏன் வரவில்லை என்பதுதான் எனக்குப் புதிராக இருந்தது.

அந்த வளைவில் வண்டி உருண்டு இறந்துபோனவரை எடுத்துப்போன பிறகு மனைவிதான் அந்தப் புதிரை விடுவித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்குச் சாயங்காலமே போன் பண்ணினாருங்க. ஸ்டியரிங் டக்கு டக்குன்னு தட்டுதும்மான்னார். நான்தான் கத்தினேன். இனிமே அங்க போய் அவர் மானத்தை வாங்காதீங்கப்பான்னேன். சரிம்மா, மாப்பிள்ளைக்குக் கெட்ட பேரு வேண்டாம், நான் மெதுவா ஓட்டிக்கறேன்னார்."

தான்தான் அப்பாவைக் கொன்றுவிட்டதாக அவள் நினைக்கிறாள். "உனக்கு எப்படித் தெரியும், விடு" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அவளுக்குத் தெரியாதுதானே, அதில் பொய் ஒன்றும் இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு வீட்டில் வருந்துவதற்கு ஒருவர் போதும் என்று நானும் அதைத் திருத்தப் போகவில்லை.

பின் போட மறந்துவிட்டார் என்று உங்கள் ஆட்கள் நெட்டை மெக்கானிக்கை அழைத்துப் போனபோது அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். "போட்டேன்னுதான் சார் ஞாபகம். மறந்துட்டேனோ என்னவோ" என்று குழந்தை மாதிரி அழுதார். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவருக்காகத்தான் உண்மையைச் சொல்ல வந்தேன் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்படியானால் அவர் உள்ளே இருந்த இத்தனை நாளும் வராமல் இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இன்று காலைக் கூட்டத்தில் மேனேஜர் அந்த விபத்தையும் ரிட்டர்ன் கணக்கில் சேர்த்து என் பெயரை வாசித்துவிட்டார். அது தவறு, ஐயா. எங்கள் பட்டறை வேலையில் ஒரு குறையும் இல்லை. பின்னை எடுத்தது நான், நட்டைத் தளர்த்தியதும் நான். அதை மட்டும் மேனேஜருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள்.