டயர் ரூமில் ரெண்டு சர்வர்

மருமகள்: கதவைச் சாத்துங்க மாமா, ஏசி காத்து வெளிய போகுது.

மாமா: சாத்தினா டயர் வாசம் மூக்கைத் துளைக்குதும்மா. இவ்ளோ பெரிய லாரி ஆபீஸ்ல சர்வர் வைக்க வேற ரூமே கிடைக்கலையா உனக்கு?

மருமகள்: நீங்கதான் கொடுத்தீங்க. 'டயர் ரூம்தான் காலி, வேணும்னா எடுத்துக்கோ'ன்னு.

மாமா: அது... நீ ரெண்டு நாள்ல ஓடிடுவேன்னு நெனச்சுச் சொன்னது.

மருமகள்: இப்ப எதுக்கு இவ்ளோ சிரிப்பு? ஒரு சர்வர் செத்துக் கிடக்குது.

மாமா: செத்தா என்ன, இன்னொண்ணு நிக்குதுல்ல? சர்வருக்குன்னு என் ரூம் டிவில நீ வச்ச ரெண்டு பச்சை விளக்குல ஒண்ணு சிவப்பாச்சு. அவ்வளவுதான். புக்கிங் அது பாட்டுக்கு ஓடுது. உன் சின்ன மாமன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். டீயைக் குடிக்கவே மறந்துட்டான்.

மருமகள்: அவர் என்ன சொல்லியிருக்கார்னு மறந்துட்டீங்களா? இந்த வாரத்துல புது சிஸ்டம் ஒரு தடவை படுத்தாலும் வெளி கம்பெனிகிட்ட கொடுத்துடலாம்னு...

மாமா: படுக்கலையே.

மருமகள்: பாதி படுத்துச்சு. ஏன்னு தெரியாம எப்படி நிம்மதியா இருக்கறது? நாளைக்கு ரெண்டும் சேர்ந்து படுத்தா, என்னைப் பழையபடி வீட்டுல உக்காருன்னுவாரு.

மாமா: வேணாம் தாயே. நீ வீட்டுல உக்காந்தா விசிலடிச்சே எங்களைக் கொன்னுடுவ.

மருமகள்: இப்பல்லாம் எங்க மாமா? வேலை ஒழுங்கா முடிஞ்சாதான் எனக்கு விசிலே வரும்.

புக்கிங் கிளார்க்: மேடம், ஆறு ஊர் ஆபீஸ்லயும் கேட்டுட்டேன். ஒரு பில்லும் நிக்கல. 'ஏன், ஏதாவது நின்னுச்சா?'ன்னு நம்மளையே திருப்பிக் கேக்கறாங்க.

மாமா: கேட்டியா? நீ போப்பா, எல்லாருக்கும் டீ சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.

மருமகள்: கொஞ்சம் சும்மா இருங்க மாமா... சர்வர் பதிவுல கரன்ட் போனதா இருக்கு. யூபிஎஸ்ல பார்த்தா கரன்ட் போகவே இல்ல. ஒயர் நல்லா இருக்கு, பிளக் இறுக்கமா இருக்கு...

மாமா: எலி...

மருமகள்: என்னது?

மாமா: பழைய டயர் ரூம். எலி இல்லாமயா இருக்கும்?

மருமகள்: பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப மாட்டிட்டுப் போற எலி.

மாமா: ...வளர்ப்பு எலியா இருக்கும்.

மருமகள்: இந்த ரூம் சாவி ரெண்டே பேர்கிட்டதான். ஒண்ணு என் கழுத்துல தொங்குது. மாமா... எங்க பாக்கறீங்க? என் முகத்தைப் பாருங்க.

மாமா: பாத்துட்டுதானே இருக்கேன்.

மருமகள்: நீங்களா பிடுங்கினீங்க?

மாமா: பின்ன என்னம்மா? இன்னைக்கு வந்ததுல இருந்து உன் சின்ன மாமனுக்கு ஒரே பாட்டு. 'ஒரு ஒயர் கழண்டா போதும், கம்பெனியே குப்புற விழும்'னு. சரி, கழட்டியே பாத்துடலாம்னு... பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

மருமகள்: வேலை நேரத்துல? ஆறு ஊரும் ஓடிட்டு இருக்கும்போது?

மாமா: புது லாரி வந்தா லோடு ஏத்தித்தான் நான் பிரேக்கைப் பிடிச்சுப் பாப்பேன். காலி வண்டி யாருக்கு வேணா நிக்கும். நின்னுச்சா இல்லையா, அதைச் சொல்லு.

மருமகள்: நின்னுச்சு...

மாமா: அவன் டிவியைப் பாத்தான், கவுன்டரைப் பாத்தான், கடைசில என்னைப் பாத்தான். அப்ப நான் காலுமேல கால் போட்டு உக்காந்திருந்த அழகை நீ பாத்திருக்கணும். முப்பது வருஷமா அவன் முன்னாடி அப்படி உக்காந்ததில்ல.

மருமகள்: உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

மாமா: சொல்லு.

மருமகள்: 'எல்லாம் ரெடி, பயப்படாதீங்க'ன்னு நேத்து சொன்னேன்ல? பொய் மாமா. முதல் சர்வரை நிறுத்தினா ரெண்டாவது வேலையை எடுத்துக்கணும். நேத்து ராத்திரி சோதனை பண்ணப்பகூட எடுத்துக்கல. தலைகீழா நின்னு பாத்துட்டேன். இன்னைக்குக் காலையில ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடிதான் சரியாச்சு.

மாமா: ம்.

மருமகள்: ம்-மா? இதையே நேத்து நீங்க பண்ணியிருந்தா கம்பெனி நிஜமாவே குப்புற விழுந்திருக்கும். நானும்தான். ஏதோ உங்க நல்ல நேரம்.

மாமா: நல்ல நேரமும் இல்ல, கெட்ட நேரமும் இல்ல. நேத்து இந்தக் கதவுக்கு வெளிய ரொம்ப நேரம் நின்னேன்மா. உள்ள நீ மெஷினைத் திட்டிட்டு இருந்த... நடுநடுவுல மூக்கை உறிஞ்சற சத்தம் வேற. பேசாம போயிட்டேன். இன்னைக்குக் காலையில வந்தா, உள்ள என் மருமக விசிலடிச்சிட்டு இருக்கா. அதுக்கப்புறம்தான் பிடுங்கினேன்.