செவப்பு காட்டுன தேதி

அய்யோ சார், அந்தப் பட்டன அமுத்திடாதீங்க. ஒரு நிமிசம். அனுப்பிட்டீங்கன்னா அப்புறம் ஹெட் ஆபீஸ்ல மாத்த மாட்டாங்க. டீ ஆறிப் போவுது, குடிச்சிக்கினே கேளுங்க. மேடம் எல்லாம் வேணாம் சார், அம்சவள்ளின்னே கூப்பிடுங்க. பத்து வருசமா இந்தக் கள்ளக்குறிச்சி ஆபீஸ்ல இன்சூரன்ஸ் கிளைம் பேப்பர கம்ப்யூட்டர்ல ஏத்துறது நாந்தான்.

இன்னா சொல்லுது, பழைய கிளைம வெச்சி வரப்போறத கணிக்குற உங்க கம்ப்யூட்டர் மாடலு? வர்ற பிப்ரவரியில வண்டி கிளைம் ஜாஸ்தி, ஜனவரியில கம்மி. அஞ்சு வருசத்துக் கோடும் அப்படித்தான் தூக்கிக்கினு நிக்குது, இல்லீங்களா? அதனால கரும்பு டிராக்டர் பின்னாடி ஒட்டுற, லைட்டு பட்டா மினுமினுக்குற ஸ்டிக்கர பிப்ரவரியில அனுப்பச் சொல்லி எழுதியிருக்கீங்க. தப்பு சார். ஆளுங்க சாவுறது ஜனவரியில.

எனக்கு எப்படித் தெரியும்னா? நீங்க சென்னை, இங்க கரும்பு வெட்டு பாத்திருக்க மாட்டீங்க. பொங்கல் நெருங்கச்சொல்ல ஆலை ஓட ஆரம்பிச்சிரும். கச்சிராயபாளையம் ரோடு பூரா டிரெய்லருங்க வரிசையா நின்னுக்கினு கெடக்கும். பின்னாடி ஒரு லைட்டு கெடையாது. விடிகாலப் பனியில பைக்குல வர்றவனுக்கு, கரும்பு மூஞ்சில குத்துனாத்தான் எதிர்ல வண்டி நிக்கிறதே தெரியும். பாழாப்போன ரோடு!

இருங்க, அதத்தான் சொல்ல வரேன். எங்க பக்கம் சாவு வுழுந்த வூட்ல கருமாதி முடியாம ஒரு காயிதத்த தொட மாட்டாங்க. பதினாறு நாள் கழிச்சித்தான் ஆதாரு, ஆர்.சி. புக்கு எல்லாத்தையும் துணிக்கடப் பையில போட்டு எடுத்துக்கினு வருவாங்க. அடிபட்ட தேதிய அடிச்சா கம்ப்யூட்டரு லேட்டுன்னு செவப்பு காட்டும். செவப்பு காட்டிச்சோ, ஏன் லேட்டு, விளக்கம் குடுன்னு ஹெட் ஆபீஸு அந்தப் பொம்பளைய ஆறு மாசம் அலைய வுடும். பாவமா இருக்கும் சார். அதனால காயிதம் வந்த தேதியவே அடிபட்ட தேதின்னு அடிச்சி வுட்டுருவேன். ஆமாங்க, எல்லாருக்கும். யாரும் சொல்லல, நானாத்தான். நல்லது பண்றதா நெனச்சிக்கினு இருந்தேன். உங்க மாடலு படிச்சிக்கினு இருக்குறது பூரா என் பொய்யி.

வேலையா? போனா போவுது. மெமோ குடுங்க, இப்பவே கையெழுத்து போடறேன். மாசத்த மட்டும் மாத்துங்க. போன தடவ உங்க எடத்துல இருந்த சாரும் இப்படித்தான் பிப்ரவரின்னு அனுப்புனாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கினே வாய மூடிக்கினு இருந்தேன்.

எதுங்க? ஜனவரியில தனியா நிக்குதே அந்தப் புள்ளியா? செவப்பு வுழுந்தது? தப்பா ஏத்துனதுன்னு தூக்கிட்டீங்களா... அது ஒண்ணுதான் சார் சரியான தேதி. ஜனவரி பத்தொம்பது. செவப்பு காட்டுனா காட்டட்டும், அலையப் போறது நாந்தானேன்னு அடிச்சேன்.

தொறந்து பாருங்களேன். பேரு தனசேகரன். கீழ நாமினி யாருன்னு படிங்க.

போன பிப்ரவரி மூணாந்தேதி ஸ்டிக்கர் பெட்டிங்க வந்து எறங்குச்சாம். நான் பாக்கல சார், லீவு போட்டிருந்தேன். அன்னிக்கு எங்க வூட்ல கருமாதி.